பீன்யா சர்க்கார் பள்ளி: தமிழ்ப் பெற்றோர் முன் நிற்கும் கேள்வி

காலை எட்டே முக்கால் ஆனால் பீன்யாவில் கால் வைக்க இடம் இருக்காது. துமகூர் ரோட்டில் தலைக்கு மேல் மெட்ரோ ரயிலும் மேம்பாலமும் ஓட, கீழே ஷேர் ஆட்டோவுக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவில் கார்மெண்ட்ஸ் பெண்கள் சாப்பாட்டுப் பையும் கையுமாக விரைகிறார்கள். ஷிப்ட் மணி அடித்துவிட்டால் கேட் சாத்தப்படும் என்ற பயம் அவர்களுக்கு. ஆனால், சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் பிரார்த்தனை மணி அடிக்க இன்னும் அரை மணிக்கு மேல் இருக்கிறது. தாய் போன பிறகு பிள்ளை தானே பையை மாட்டிக்கொண்டு, தம்பி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. மாலையிலும் இதே கதைதான். பள்ளி நாலரைக்குள் விடுகிறது. தாய் வீடு திரும்ப ஆறு, ஆறரை ஆகிறது.

பள்ளிக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவு பீன்யாவில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே!

1970-களின் இறுதியில் இங்கே தொழிற்பேட்டை வந்தது. லேத், டை, பிளேட்டிங், கார்மெண்ட்ஸ் என்று சிறு தொழில்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை, வேலூர் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து லக்கெரெ, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால் நகர், தாசரஹள்ளி சந்துகளில் ஒற்றை அறை வீடுகளில் குடியேறினார்கள். அதற்கு முந்தைய தலைமுறைத் தமிழர்கள் பக்கத்து ஜாலஹள்ளியில் எச்.எம்.டி.யிலும் பி.இ.எல்.லிலும் நிரந்தர வேலை பார்த்தவர்கள். குவார்ட்டர்ஸ் உண்டு, பிள்ளைகள் படிப்புக்கு ஒரு வழியும் உண்டு. எச்.எம்.டி. கடிகாரக் கம்பெனியை மூட 2016-ல் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. இன்று பீன்யாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காண்டிராக்ட் தொழிலாளர்கள். அடுத்த வருஷம் இங்கே இருப்போமா, ஊருக்குப் போவோமா என்பது அவர்களுக்கே தெரியாது.

ஆகவே பிள்ளைக்கு ஆறு வயது நெருங்கும்போது மூன்று வழிகள் அவர்கள் முன் நிற்கின்றன. பக்கத்துச் சர்க்கார் பள்ளியில் கன்னட வழியில் சேர்ப்பது ஒன்று. கடன் வாங்கியாவது இங்கிலீஷ் கான்வென்ட்டில் போடுவது இரண்டாவது. மூன்றாவது, ஊரில் ஆயாவிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது. எந்த வழியில் போனாலும் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் இன்னொரு கேள்வி வந்து நிற்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. அறியும்போது பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருக்கிறது.

சீட்டுப் பணத்தில் இங்கிலீஷ்

முதலில் கான்வென்ட் ஆசையைப் பற்றி. டையும் ஷூவும் போட்டுப் பிள்ளை வேனில் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்கிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எல்.கே.ஜி.க்குச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டுகிறார்கள். யு.கே.ஜி.க்கு நகை அடகுக்குப் போகிறது. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ கம்பெனியில் ஆர்டர் குறைந்து வேலை போகிறது. கட்டணம் பாக்கி நிற்கிறது. பிள்ளையை சர்க்கார் பள்ளிக்கு மாற்றலாம் என்றால் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று அந்தப் பள்ளி கையை விரிக்கிறது. டி.சி. இல்லாமல் எப்படிச் சேர்ப்பது என்று இந்தப் பள்ளியில் தயங்குகிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கொரோனா காலத்தில் இந்த நிலை வீதிக்கு வீதி தெரிந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகள் கர்நாடகத்தில் 2021 அக்டோபர் 25-ந் தேதிதான் திறந்தன. சம்பளம் இல்லாத அந்த ஒன்றரை வருஷத்தில் தனியார் பள்ளியை விட்டு சர்க்கார் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் நாடு முழுவதும் ஏராளம். கிராமப்புறங்களில் எடுத்த ‘அசர்’ கணக்குப்படி, சர்க்கார் பள்ளியில் சேர்ந்திருந்த 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 2018-ல் 64.3 சதவீதம், 2021-ல் 70.3 சதவீதம்.

டி.சி. விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்வது இது: எட்டாம் வகுப்பு முடியும் வரை, ஒரு பிள்ளை மாநிலத்துக்குள்ளோ மாநிலம் விட்டு மாநிலமோ மாறினால், சர்க்கார் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர உரிமை உண்டு. பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே டி.சி. கொடுக்க வேண்டும், தாமதித்தால் அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரவில்லை என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 14-வது பிரிவு. பாதி வருஷத்தில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15-வது பிரிவு.

சட்டம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருக்கிறது. பெற்றோர் தமிழில் கேட்கிறார்கள். பதில் "நாளெ பா" என்று வருகிறது. ஒரு காலத்தில் பெங்களூரில் மோகினிப் பேயை விரட்டக் கதவுகளில் எழுதி வைத்த வார்த்தை அது. பேய் திரும்பிப் போனதோ இல்லையோ, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தாய் திரும்பிப் போய்விடுகிறாள்.

தனியார் பள்ளியில் ஏழைகளுக்கு 25 சதவீத இலவச இடம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் பக்கத்தில் சர்க்கார் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் அந்த இடம் கிடையாது என்று 2019-20 கல்வியாண்டு முதல் கர்நாடக சர்க்கார் விதியை மாற்றிவிட்டது. உயர் நீதிமன்றமும் 2019-ல் அதை ஏற்றது. பீன்யா போன்ற நெருக்கமான பகுதியில் ஏதாவது ஒரு சர்க்கார் பள்ளி பக்கத்தில் இல்லாமல் இருக்காது. ஆக அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் விழுவது

சர்க்கார் பள்ளியில் பிள்ளைக்குக் கிடைப்பது கொஞ்சமல்ல. பாடப் புத்தகம், சீருடை, ஷூ இலவசம். மதியச் சாப்பாடு உண்டு. 2013 ஆகஸ்டில் தொடங்கிய ‘க்ஷீர பாக்ய’ திட்டத்தில் 150 மில்லி பால் உண்டு. முட்டை கொடுப்பது 2024 செப்டம்பரில் வாரத்துக்கு ஆறு நாளாக உயர்ந்தது. முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம். காலையில் டீயும் வர்க்கியும் தின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தாய்க்குத் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த தாய்மார்கள் இதை ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பு. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை அல்லவா! ஊரில் 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டித் திட்டமும் தொடங்கி, மறு வருஷம் மாநிலம் முழுவதும் உள்ள சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. காலை ஏழரைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஓடும் கார்மெண்ட்ஸ் தாய்க்கு, ‘பிள்ளை ஊரில் இருந்தால் பள்ளியிலேயே இட்லியோ உப்புமாவோ கிடைத்திருக்குமே’ என்று தோன்றாமல் இருக்குமா?

குறைகளும் இருக்கின்றன. சர்க்கார் வேலை எது வந்தாலும் முதலில் கை வைப்பது ஆரம்பப் பள்ளி ஆசிரியர் மீதுதான். 2025-ல் கர்நாடகத்தில் சமூக, கல்விக் கணக்கெடுப்பு நடந்தபோது ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். அதற்காக தசரா விடுமுறை அக்டோபர் 18 வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கெடுப்பு தேவைதான். ஆனால் வேலைக்குப் போகும் தாய் தகப்பனுக்கு, பிள்ளையைப் பூட்டிய அறைக்குள் விட்டுப் போவதா, பக்கத்து வீட்டில் விடுவதா என்ற பிரச்சினை அந்தப் பத்து நாளும் இருந்தது. பள்ளி என்பது பீன்யாவில் படிப்பு மட்டுமல்ல; பகல் முழுவதும் பிள்ளைக்கு அதுவே காவல்.

பாலு ஹாலு ஆகும்போது

மொழி விஷயம் பெரியவர்கள் பயப்படும் அளவுக்குப் பிள்ளைகளுக்குக் கஷ்டமில்லை. தெருவிலேயே கன்னடம் பழகிவிடுகிறது. தமிழில் ‘ப’ என்று தொடங்குவது கன்னடத்தில் ‘ஹ’ ஆவதைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே பிடித்துக்கொள்கின்றன. பால் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, பெயர் ஹெசரு. கஷ்டம் எழுத்தில்தான். நமக்கு ஒரே ஒரு ‘க’, அவர்களுக்கு நான்கு. எந்த இடத்தில் எந்த ‘க’ என்பது தமிழ் வீட்டுப் பிள்ளைக்குக் காதால் வராது, மனப்பாடத்தால்தான் வர வேண்டும். டிக்டேஷனில் சிவப்பு மை விழுவது இங்கேதான். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தாய் தமிழ்நாட்டில் எட்டாவதோ பத்தாவதோ படித்தவள். ஆனால் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. படித்தவள் படிக்காதவளாக ஆகிவிடும் அந்த நிமிஷத்தின் வேதனையை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கர்நாடக சர்க்கார் தமிழிலும் பாடப் புத்தகம் அச்சிட்டு வந்திருக்கிறது. ஆனால் பெங்களூரின் தமிழ்வழிப் பள்ளிகள் பெரும்பாலும் சிவாஜிநகர், அல்சூர் என்று பழைய கண்டோன்மெண்ட் பக்கத்தைச் சேர்ந்தவை. ஆறு வயதுப் பிள்ளையை பீன்யாவிலிருந்து தினமும் அங்கே அனுப்ப முடியுமா? ஆகவே இங்கே கன்னட வழிதான் நடைமுறை.

1982-ல் கோகாக் கிளர்ச்சி, 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம், 2016 செப்டம்பர் 12-ல் மீண்டும் தீ. அந்த 2016 கலவரத்தில் ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு உயிர் போனது. ராஜகோபால் நகர் உள்பட 16 போலீஸ் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. பள்ளிக்கூட வாசலில் தமிழில் சத்தமாகப் பேசத் தயங்கும் பெற்றோர் இன்றும் உண்டு என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தயக்கத்தால் பெற்றோர் கூட்டத்துக்கே போகாமல் இருப்பது வேறு விஷயம். எஸ்.டி.எம்.சி. என்கிற பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு 2001-ல் கர்நாடகத்தில் வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி இத்தகைய குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எந்த மொழிக்காரர் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கூட்ட அறிவிப்பு கன்னடத்தில் கரும்பலகையில் எழுதப்படுகிறது. நம் ஆட்கள் அதைக் கடந்து போகிறார்கள். பிள்ளையே படித்துச் சொல்லிவிடுமே!

ஆறாம் வகுப்பு வாசல்

இனி அந்த ஐந்தாம் வகுப்புக் கேள்வி. தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021-ல் வந்தது. அதற்கான முக்கிய நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022-ல் தொடங்கியபோதும் இதே ஆறு முதல் பன்னிரண்டுதான் அளவுகோல். அதாவது பிள்ளை ஐந்தாவது வரை பீன்யாவில் படித்துவிட்டு ஆறாவதில் ஊருக்குப் போனால் இந்தச் சலுகைகளில் ஒன்றும் குறையாது. எட்டாவதில் போனால் கைவிட்டுப் போய்விடும்.

இங்கேயே இருந்துவிடுவது என்றால் கணக்கு வேறு. கர்நாடகத்தில் சி.இ.டி. மூலம் தொழிற்கல்வி இடம் கேட்பவர்களுக்கான முதல் தகுதி விதி, ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரையிலான காலத்தில் குறைந்தது ஏழு வருஷம் இந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி.யோ இரண்டாம் பி.யு.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும் என்பது. பீன்யா பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு வருஷமும் அந்த ஏழில் சேரும். ஒன்றாவது முதல் பத்தாவது வரை கன்னட வழியில் படித்தவர்களுக்கு அங்கே தனியாக 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. கன்னடத்தில் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்கும் நம்மவர்களுக்கு இது ஒரு பதில். 2019-20 முதல் சர்க்கார் பள்ளிகள் சிலவற்றில் இங்கிலீஷ் வழிப் பிரிவும் திறந்தது. அதில் சேர்ப்பவர்கள் இந்த ஒதுக்கீடு தங்களுக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும்.

இரண்டுங்கெட்டானாக ஆகிறவர்கள் யார் என்றால், இரண்டு வருஷம் இங்கே, ஒரு வருஷம் ஊரில், மறுபடி இங்கே என்று வேலைக்கு ஏற்றபடி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம், ஆடியில் திருவிழாவுக்கு ஒரு வாரம், யாராவது இறந்தால் பதினாறு நாள் என்று வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழுவது போக, வருஷமே துண்டுபடுகிறது. கன்னடம் அரைகுறை, தமிழ் அதற்கும் கீழே.

ஊருக்குப் போவதென்று முடிவு செய்தவர்கள் தமிழ் எழுத்தைப் பற்றி மூன்றாம் வகுப்பிலேயே யோசித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயப் பாடம். பீன்யாவில் ஐந்தாவது முடித்த பிள்ளை அங்கே போய் ஆறாவதில் ‘அ’னாவிலிருந்து தொடங்கினால் வகுப்பே சிரிக்கும். இதற்குப் பணம் செலவில்லை. தமிழ்நாட்டு ஒன்றாம், இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தின் முன் வாயடைத்துப்போகும் அதே தாய் இங்கே வாத்தியார் ஆகிவிடுவாள். இரவு சோறு வேகும் நேரத்தில் அரை மணி போதும்.

ழகரம் இல்லாத ரிஜிஸ்தர்

இங்கே இருந்தாலும் ஊருக்குப் போனாலும் கூடவே வருவது ஒன்றுதான்: பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்தரில் எழுதிய பெயரும் பிறந்த தேதியும். இதில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விசித்திரமான தொல்லை. இன்றைய கன்னட எழுத்தில் ‘ழ’ இல்லை. கனிமொழி ‘கனிமொளி’ ஆகிறாள். எழிலரசி ‘எளிலரசி’ ஆகிறாள். தகப்பன் பெயரின் முதலெழுத்தை நாம் பெயருக்கு முன்னால் போடுகிறோம்; இங்கே பின்னால் போட்டு எழுதும் வழக்கமும் உண்டு. கன்னடத்திலிருந்து இங்கிலீஷுக்கு எழுதும்போது இன்னொரு எழுத்து மாறுகிறது. ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர், டி.சி.யில் மூன்றாவது பெயர். ஊர்ப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது இந்தப் பிள்ளைதான் அந்தப் பிள்ளையா என்று கேட்கிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் டி.சி.க்குக் கல்வி அதிகாரியின் மேலொப்பமும் கேட்பது வழக்கம். அதற்கு ஒரு நாள் அலைச்சல் தனி.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட பிறகு பெயரைத் திருத்துவது பெரும்பாடு. ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே பிறப்புச் சான்றையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய், ரிஜிஸ்தரில் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. லீவு போட வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் சர்க்கார் பள்ளி காலை எட்டு மணி வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது. ஷிப்டுக்குப் போகும் வழியிலேயே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.